கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை, இந்தியாவில்: செயற்கைக்கோளிலிருந்து இணையத்துக்கு

ஒரு போட்டியை நேரலையாகப் பரப்பும் அனுமதியை, அதை நடத்தும் அமைப்பு விலை பேசி விற்பதே ஒளிபரப்பு உரிமை. இந்தியாவில் இந்த உரிமையின் வரலாறு பெரும்பாலும் கிரிக்கெட்டின் வரலாறுதான். 1990-களின் தொடக்கம் வரை இதற்குச் சந்தை விலை என்று ஒன்று இருந்ததில்லை. 2022-இல் ஐ.பி.எல். போட்டிகளின் ஐந்தாண்டு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்த உயர்வையும், உரிமை அரசுத் தொலைக்காட்சியிலிருந்து செயற்கைக்கோள் சேனல்களுக்கும் அங்கிருந்து கைபேசிச் செயலிகளுக்கும் கைமாறியதையும் தொழில்நுட்ப வளர்ச்சியின் கதையாகச் சொல்வது வழக்கம். அந்த விளக்கம் போதாது. தொழில்நுட்பம் வழியைத் திறந்தது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்தையும் நடத்தி வைத்தது, கிரிக்கெட்டைக் காட்டி வேறொரு பொருளை விற்க முனைந்த நிறுவனங்களுக்கு இடையே நடந்த போட்டி. சேனல் இணைப்பு, கைபேசி டேட்டா, செயலிச் சந்தா என்று அந்தப் பொருள் மாறிக்கொண்டே வந்தது. விற்பவர்கள் பலராக இருந்த ஆண்டுகளில் பார்வையாளர் குறைந்த செலவில் ஆட்டம் பார்த்தார். எண்ணிக்கை சுருங்கியதும் அந்த வசதியும் சுருங்கியது.

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த நாட்களில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்திடம் விற்பதற்கு உரிமை இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. ஆட்டத்தைக் காட்டுவதற்காக வாரியமே தூர்தர்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 1993-இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கோப்பைதான் இந்த ஏற்பாட்டை உடைத்தது. டிரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சங்கம் உரிமையை விற்றது. மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் அனுமதி அரசின் கையில் இருந்ததால் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி அடங்கிய அமர்வு 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வானலைகள் பொதுச்சொத்து, அவற்றின் மீது அரசுக்கு ஏகபோகம் கிடையாது, பார்ப்பதும் கேட்பதும் குடிமக்களின் கருத்துரிமையில் அடங்கும் என்பது அதன் சாரம். தனியார் சேனல்களுக்குக் கதவு திறந்த தீர்ப்பு என்று இதைக் கொண்டாடுகிறோம். அதே தீர்ப்பில் ஜீவன் ரெட்டி எச்சரித்த மற்றொரு செய்தி அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. அரசின் பிடியிலிருந்து விடுபட்ட ஊடகம் சில பெருநிறுவனங்களின் பிடிக்குள் போனால் அதுவும் மக்களின் உரிமைக்குக் கேடே என்றார் அவர். அலைவரிசைகளை ஒழுங்குபடுத்தத் தன்னாட்சி பெற்ற பொது அமைப்பு வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும் இதனால்தான். பின்னர் நடந்தவற்றை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்புக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் விலை தாவி ஏறியது. 1996-இல் ஈ.எஸ்.பி.என்., ஸ்டார் இரண்டும் கைகோத்துத் தனி விளையாட்டுச் சேனல்களை நடத்தின. இந்திய வாரியத்தின் நான்காண்டு உரிமையை 2006-இல் நிம்பஸ் 61.2 கோடி டாலருக்கு வாங்கியது. 2008-இல் தொடங்கிய ஐ.பி.எல். பத்தாண்டுகளுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்த சோனி, வேர்ல்ட் ஸ்போர்ட் குழுமக் கூட்டணிக்குப் போனது. இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? விளம்பரம் ஒரு பங்கு. மற்றொரு பங்கு, கட்டணச் சேனல் என்ற வியாபாரம். ஆட்டம் எங்கள் சேனலில்தான் என்று சொல்லித் தெருவுக்குத் தெரு கேபிள்காரர்களை அந்தச் சேனலை எடுக்க வைப்பதே அதன் வழி. ஆனால் அந்த வியாபாரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எத்தனை வீட்டுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறோம் என்பதைக் கேபிள்காரர்கள் குறைத்தே காட்டுகிறார்கள் என்று சேனல்கள் இடைவிடாமல் புகார் சொல்லின. வீடுகளில் செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கிய 2011-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். பார்ப்பவர் யார், எத்தனை பேர் என்பது செயற்கைக்கோள் காலம் முழுவதும் மாதிரிக் கணக்கெடுப்பை நம்பிய மதிப்பீடாகவே இருந்தது. இணையம் அடித்தது இந்த இடத்தில்தான். செயலியில் நுழைபவர் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு நுழைகிறார். எவ்வளவு நேரம் பார்த்தார், எந்த மொழியில் கேட்டார், எந்த விளம்பரத்தைத் தொட்டார் என்பதெல்லாம் பதிவாகிறது.

செயற்கைக்கோள் காலத்தில் அரசு எடுத்த ஒரு நடவடிக்கையைத் தனியே குறிக்க வேண்டும். 2004-இல் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது டென் ஸ்போர்ட்ஸ் சேனலிடம் உரிமை இருந்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே தூர்தர்ஷனில் அந்தத் தொடர் தெரிந்தது. 2007 ஜனவரியில் நிம்பஸின் நியோ சேனலோடு மீண்டும் தகராறு. உடனே அவசரச் சட்டம் வந்து, அதே ஆண்டு முழுச் சட்டமானது. நாட்டுக்கு முக்கியம் என்று அறிவிக்கப்பட்ட போட்டிகளை நேரலை செய்யும் தனியார் நிறுவனம், விளம்பரம் நீக்கிய சமிக்ஞையைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும்; தூர்தர்ஷனில் கிடைக்கும் விளம்பர வருவாயில் 75 சதவீதம் உரிமையாளருக்கு, 25 சதவீதம் பிரசார் பாரதிக்கு. கேபிள் இல்லாத கிராமத்து வீட்டிலும் இந்தியா ஆடும் ஒருநாள் ஆட்டம் தெரிந்தது இந்தச் சட்டத்தால். 2017-இல் உச்ச நீதிமன்றம் இதன் எல்லையை வரையறுத்தது. பகிரப்படும் சமிக்ஞை தூர்தர்ஷனின் சொந்த ஆண்டெனா ஒளிபரப்பிலும் இலவச டிஷ்ஷிலும் மட்டுமே வரலாம். தனியார் கேபிள், டிடிஎச் வழியாகப் போகக் கூடாது. சட்டத்தின் சொற்கள் கேபிளையும் டிடிஎச்சையும் வானொலியையும் பற்றிப் பேசுகின்றன. இணையம் அதில் இல்லை. 2007-இல் அதற்கான தேவையும் தெரிந்திருக்கவில்லை.

இணைய நேரலை முதலில் துணை வசதியாகத்தான் வந்தது. 2010-இல் ஐ.பி.எல். யூடியூபில் காட்டப்பட்டது. 2015-இல் உலகக் கோப்பையை ஒட்டி ஸ்டார் நிறுவனம் ஹாட்ஸ்டார் செயலியைத் தொடங்கியது. 2015 முதல் மூன்று ஆண்டுகளுக்கான ஐ.பி.எல். இணைய உரிமை 302.2 கோடி ரூபாய்க்கு ஸ்டாரிடம் போனது, அதாவது ஆண்டுக்கு நூறு கோடி. அடுத்த ஏலம் நடந்த 2017 செப்டம்பரில் இந்திய இணைய உரிமைக்கு மட்டும் ஃபேஸ்புக் 3,900 கோடி கேட்டது. ஜியோவும் ஏர்டெலும் தனித்தனியே மூவாயிரம் கோடியைத் தாண்டின. ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய எட்டு மடங்கு. இடையில் நடந்தது என்ன? 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி, டேட்டாவின் விலை சரிந்தது. கைபேசியில் மூன்று மணி நேர ஆட்டம் பார்ப்பது சாதாரணக் குடும்பத்துக்கும் கட்டுப்படியானது. அதிகம் கேட்டவர்கள் பட்டியலைப் பாருங்கள்: ஒருவர் சமூக வலைத்தள முதலாளி, இருவர் தொலைத்தொடர்பு நிறுவனத்தார். சேனல் நடத்தாதவர்கள் கிரிக்கெட்டைக் கேட்டு வந்த பெரிய ஏலம் அது. தொலைக்காட்சி, இணையம், வெளிநாடு எல்லாவற்றையும் சேர்த்து 16,347.5 கோடி தந்து ஸ்டார் வென்றது. தனித்தனி ஏலக் கேட்புகளின் கூட்டுத்தொகையைவிட அது சுமார் 500 கோடிதான் அதிகம்.

திருப்புமுனை 2022 ஜூன். இம்முறை வாரியம் தொலைக்காட்சியையும் இணையத்தையும் சேர்த்து விற்க மறுத்து, தனித்தனிப் பொதிகளாக மின்னேலத்தில் விட்டது. இந்தியத் தொலைக்காட்சி உரிமை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டாருக்குப் போனது. இணைய உரிமையை 20,500 கோடிக்கு ரிலையன்ஸ் சார்ந்த வயாகாம்18 எடுத்தது. தேர்ந்தெடுத்த ஆட்டங்களுக்கான தனி இணையப் பொதிக்கு மேலும் சுமார் 3,258 கோடி கொடுத்தது. இரண்டையும் கூட்டினால் இணையத்தின் விலை தொலைக்காட்சியைச் சற்றே முந்துகிறது. நாட்டில் ஆட்டம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் தொலைக்காட்சி முன்தான் உட்கார்ந்திருந்த ஆண்டு அது. பார்ப்பவர் எண்ணிக்கை விலையைத் தீர்மானித்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. வாங்கியவருக்கு ஆட்டத்தை வைத்து எதை விற்க முடியும் என்பதே தீர்மானித்தது.

பின் வந்த பதினெட்டு மாதங்கள் பார்வையாளருக்குப் பொற்காலம். 2022 கால்பந்து உலகக் கோப்பையையும் 2023 ஐ.பி.எல்.-ஐயும் வயாகாம்18-இன் ஜியோசினிமா செயலி இலவசமாகக் காட்டியது. ஐ.பி.எல். வர்ணனை பன்னிரண்டு மொழிகளில் வந்தது; போஜ்புரியும் அதில் ஒன்று. சென்னை வென்ற அந்த இறுதியாட்டத்தில் ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் இணைந்திருந்தனர். எதிர்ப்பக்கத்தில் டிஸ்னி ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர் எண்ணிக்கை 2022 அக்டோபரில் இருந்த 6.13 கோடியிலிருந்து 2023 ஜூலையில் சுமார் 4 கோடியாக விழுந்தது. எச்.பி.ஓ. தொடர்கள் வெளியேறியதும் ஒரு காரணம்தான் என்றாலும் ஐ.பி.எல். போனதே பெரிய அடி. தாக்குப்பிடிக்க ஹாட்ஸ்டாரும் 2023 ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் கைபேசியில் இலவசமாக்கியது. அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஒரே சமயம் 5.9 கோடிப் பேர். இந்த எண்களை இணையத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று பலர் எழுதினர். இரு பெரும் நிறுவனங்கள் ஒன்றையொன்று வீழ்த்தப் பணத்தைக் கொட்டிய காலத்தில் எட்டப்பட்ட எண்கள் இவை என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

அந்த மோதல் இணைப்பில் முடிந்தது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு நவம்பரில் நிறைவேறிய ஏற்பாட்டின்படி, ரிலையன்ஸின் வயாகாம்18-ம் டிஸ்னியின் ஸ்டாரும் 70,352 கோடி மதிப்புள்ள ஒரே நிறுவனமாயின. ஐ.பி.எல். தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை, 2027 வரையிலான சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் (ஐ.சி.சி.) போட்டிகள், 2023-இல் 5,963 கோடிக்குப் போன இந்திய அணியின் உள்நாட்டுத் தொடர்கள் ஆகிய நான்கும் ஒரே கூரைக்குள் வந்தன. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் ஒப்புதல் தந்தபோது, இந்தக் கிரிக்கெட் தொடர்களின் விளம்பர நேரத்தைக் கட்டாகக் கட்டி விற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தது; ஆணையத்தின் கவலை விளம்பரதாரரைப் பற்றி இருந்தது. 2025 பிப்ரவரி 14-இல் இணைந்த நிறுவனத்தின் ஜியோஹாட்ஸ்டார் செயலி வந்தது. அடுத்த மாதம் தொடங்கிய ஐ.பி.எல்.-இல் முழு ஆட்டத்தையும் இலவசமாகப் பார்க்கும் வசதி போய், மூன்று மாதத்துக்கு 149 ரூபாயில் தொடங்கும் சந்தா வந்தது. அந்தக் கோடையில் இந்தியா இங்கிலாந்தில் ஆடிய டெஸ்ட் தொடரின் உரிமை சோனியிடம் இருந்தது. அதன் இணைய நேரலையும் துணை உரிமையாக ஜியோஹாட்ஸ்டாருக்கே போனது.

இதில் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் கேபிள் கட்டணத்தைவிடக் குறைவு, ரீசார்ஜோடு சந்தாவும் சேர்ந்தே கிடைக்கிறது, தமிழ் வர்ணனை இருக்கிறது, ஓடும் ரயிலிலும் பார்க்கலாம். எல்லாம் உண்மை. மாநில மொழிகளுக்குக் கிடைத்த மதிப்பை நானும் பெரிதாகவே எண்ணுகிறேன். ஆனால் அந்த மதிப்பு 2017-இல் ஸ்டார் தனித் தமிழ் விளையாட்டுச் சேனல் தொடங்கியபோதே வந்துவிட்டது. அதை இணையத்தின் கொடையாக மட்டும் சொல்ல முடியாது. விலையைப் பொறுத்தவரை, இன்று குறைவாக இருப்பது போட்டிக் காலத்தின் மிச்சம். மாறிப் போக வேறு விற்பனையாளர் இல்லாதபோது நாளைய விலையை யார் கட்டுப்படுத்துவார்? விளம்பரமே எல்லாவற்றையும் இலவசமாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கைக்கும் 2025 ஆகஸ்டில் அடி விழுந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் வந்ததும், கிரிக்கெட்டின் பெரிய விளம்பரதாரர்களாக இருந்த டிரீம்11 போன்றவை விலகின. டிரீம்11 இந்திய அணியின் சட்டையிலிருந்தே மறைந்தது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து வாங்கிய சரக்கை இலவசமாகப் பகிரச் சொல்வது நியாயமா, அந்தப் பணத்தால்தானே ரஞ்சி ஆட்டக்காரருக்கும் பெண்கள் லீகுக்கும் ஊதியம் கிடைக்கிறது என்பது அது. ஐ.பி.எல்.-ஐப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். அது தனியார் அணிகளின் வணிகப் போட்டி, 2007 சட்டத்தின் பட்டியலிலும் அது இல்லை. நாட்டின் பெயரைத் தாங்கி ஆடும் அணியின் நிலை வேறு. அந்த ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிரும் கடமை 2007 முதல் இருந்தும் உரிமைகளின் விலை குறையவில்லை. 2023-இல் உள்நாட்டுத் தொடர்களுக்குப் போன 5,963 கோடியும் அந்தக் கடமையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதே. வெளிநாடுகளும் இந்தத் திசையில் நகர்ந்துவிட்டன. பிரிட்டன் தன் 2024 ஊடகச் சட்டத்தில், தேசிய முக்கியத்துவமுள்ள போட்டிகளைக் காக்கும் விதிகளுக்குள் இணைய சேவைகளையும் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவும் அதே ஆண்டு, முக்கியப் போட்டிகளை இலவசத் தொலைக்காட்சிக்கு முன் மற்றவர் வாங்கிவிடாமல் தடுக்கும் தன் சட்டத்தை இணைய நிறுவனங்களுக்கும் நீட்டியது. இரண்டு நாடுகளிலும் விளையாட்டுச் சந்தை இதனால் நின்றுவிடவில்லை.

இந்தியாவின் 2007 சட்டத்தில் இணையம் விடுபட்ட ஓட்டை திறந்தே கிடக்கிறது. நாளை ஒரு நிறுவனம் இந்திய அணியின் ஒரு தொடரைக் கேபிளிலும் டிடிஎச்சிலும் காட்டாமல் செயலியில் மட்டும் காட்ட முடிவு செய்தால், 2007 சட்டத்தின் சொற்கள் அதைத் தடுக்குமா என்பதே வழக்காடும் பொருளாகிவிடும். ஐ.பி.எல். ஒப்பந்தமும் ஐ.சி.சி. ஒப்பந்தமும் 2027-இல் முடிகின்றன. உள்நாட்டுத் தொடர்களின் ஒப்பந்தம் 2028 மார்ச் வரை. அடுத்த ஏல அறிவிப்பு வருவதற்குள் அந்தச் சட்டத்தில் இணைய நேரலையையும் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு சேர்த்தால், விலை கொடுத்தவர் நீதிமன்றம் போவார். அப்போது அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.