பாம்புக்கடி (சங்கரன்கோவில் வட்டாரம்)

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலைச் சூழ்ந்த கரிசல் ஊர்களில் பாம்புக்கடி உழைப்பாளிகளின் நோய். இருட்டோடு பூப்பறிக்கப் போவோரும், வரப்பில் தண்ணீர் பாய்ச்சுவோரும், வெறுந்தரையில் படுப்போரும் இதற்கு ஆளாகின்றனர்.

சங்கரன்கோவிலின் பெருமையே நாகத்தோடு தொடங்குகிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்கள் வழக்காட, கோமதி அம்மன் தவமிருந்து இறைவனைச் சங்கரநாராயணராகக் காணச் செய்தாள் என்கிறது தலபுராணம். ஆடித்தபசு விழா அதையொட்டியது. புன்னைவனக் காவலர் மணிக்கிரீவன் புற்றை வெட்டியபோது பாம்பும் லிங்கமும் வெளிப்பட, மன்னன் உக்கிரபாண்டியன் கோயில் எழுப்பினான் என்பர். விஷக்கடி அண்டாதிருக்கப் பாம்பு, தேள் பொறித்த வெள்ளித் தகடுகளை உண்டியலில் இடுவதும், புற்றுமண்ணைப் பூசிக்கொள்வதும் இன்றும் உண்டு. புற்றுமண் நஞ்சை முறிக்காது. அதை நம்பிக் காத்திருக்கும் நேரமே உயிரைக் குடிக்கிறது.

சாவுக்குக் காரணமானவை பெரும்பாலும் நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இவற்றுள் கட்டுவிரியன் கொடியது. தூங்குகிறவரைக் கடித்தால் பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம், வலியும் பெரிதாய் இராது. விடியலில் வயிறு வலிக்கும், இமை சரியும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு நிற்கும். அதற்குள் வீட்டார், "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று மந்திரித்துப் பார்வை பார்க்கக் கூட்டிப்போயிருப்பார்கள். கண்ணாடிவிரியனின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரத்தம் உறைகிறதா என்று அறிய, 2 மி.லி. இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். நீர்போல் ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. கயிற்றால் இறுகக் கட்டுவதும், கடிவாயைக் கீறுவதும் கேடு.

நான்கு நஞ்சுக்கும் மருந்து ஒன்றே. அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பங்கை 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது. வட தமிழகப் பாம்புகளிடமிருந்து எடுத்த நஞ்சு அது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்பதால் பிற பகுதிகளில் மருந்தின் பலன் குறையலாம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பீடு, பெரும்பாலோர் கிராமத்தவர். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல், பாம்புக்கடிக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தகவல் தர வேண்டும்.