மப்பும் மந்தாரமுமான இரவுகள்

நமது சந்திப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். சோழர் வரலாறு எழுத நம்மில் ஆள் உண்டு. மராட்டியர் வரலாறு எழுதவும் ஆள் உண்டு. நாம் மேகத்தின் வரலாற்றை எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சிரிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் டெலஸ்கோப் வழியாக வானத்தைப் பார்த்தவர்களின் கதையை எடுத்துப் பாருங்கள். பாதிக் கதை மேகத்தின் கதைதான்.

"வானம் மப்பும் மந்தாரமுமா இருக்கு" என்பார்கள் நம்மூர்ப் பெரியவர்கள். (மாணவத் தம்பிகள் 'மப்பு' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்!) பட்டுக்கோட்டையில் வானம் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு அந்த வாசகம் மனப்பாடம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். மார்கழியிலும் தையிலும் மழை விட்டாலும் பனி விடாது. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த வயல்கள் ஒரு பக்கம், அதிராம்பட்டினம் கடல் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ஈரக்காற்று நிற்கும். கோடையில் புழுதி. ஆனி, ஆடியில் தென்மேற்கு மேகம். ஆகவே "இன்னிக்கு வானம் சரியில்லே சார்" என்று சொல்லி டெலஸ்கோப்பை உறைபோட்டு மூடிவிடுவது ரொம்ப சுலபம். அப்படி மூடப்போகும் தம்பி தங்கைகளுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பாண்டிச்சேரியில் ஒரு பாதிரியார்

1689-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். சயாமிலிருந்து பாண்டிச்சேரிக்கு வந்து தங்கியிருந்த ழான் ரிஷோ என்ற ஏசுசபைப் பாதிரியார், அப்போது தோன்றிய ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்க்கப் பன்னிரண்டு அடி நீள டெலஸ்கோப்பைத் திருப்பினார். வால்நட்சத்திரத்தோடு இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. தென்வானத்தின் பிரகாசமான ஆல்பா சென்டாரி என்னும் நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு! சூரியனுக்கு மிக அண்மையில் உள்ள நட்சத்திரக் குடும்பம் அதுதான் என்பது பின்னால் தெரிந்தது. அது இரட்டை என்று உலகத்துக்குச் சொன்ன ஊர் பாண்டிச்சேரி.

பொறியாளன் என்பதால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாண்டிச்சேரியில் அந்த நட்சத்திரம் எவ்வளவு உயர ஏறினாலும் அடிவானத்திலிருந்து சுமார் 18 டிகிரிதான். டிசம்பர் வைகறையிலோ அது அப்போதுதான் தென்கிழக்கில் எழுந்திருக்கும். அவ்வளவு தாழ்வாகப் பார்க்கும்போது, நேர் உச்சியில் பார்ப்பதைப்போல் பல மடங்கு கனமான காற்றைத் துளைத்துக்கொண்டுதான் ஒளி நம் கண்ணுக்கு வர வேண்டும். போதாக்குறைக்குக் கடலோரக் காற்று. ஆனாலும் அது பிரகாசமான இரட்டை. மங்கல் வானத்திலும் தாக்குப்பிடிக்கும் பொருள். இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

மேகம் தின்ற சூரியன்

அடுத்த கதை ரொம்பப் பேருக்குத் தெரிந்த கதை. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பாண்டிச்சேரியிலிருந்து பார்க்க 1760-இல் பிரான்ஸிலிருந்து புறப்பட்டார் லெ ஜான்டீல். அவர் வந்து சேருவதற்குள் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று, ஆடும் கப்பலில் நின்றுகொண்டு அவர் பார்த்ததில் பயனில்லை. அடுத்த கடப்பு 1769-இல். மனிதர் ஊர் திரும்பவில்லை! எட்டு வருடம் இந்தியப் பெருங்கடல் பக்கமே சுற்றிவிட்டு, 1768-இல் பாண்டிச்சேரிக்கு வந்து ஒரு வான்நிலையம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சூரியன் உதிக்கும் நேரத்தில் மேகம் வந்து மூடியது. கடப்பு முடிந்த பிறகு விலகியது. 1771-இல் ஊர் போய்ச் சேர்ந்தால், அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பிரிக்க முனைந்திருந்தார்களாம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் 'ஐயோ பாவம்' என்று இதோடு நிறுத்திவிடுவார்கள். மீதிக் கதைதான் நமக்கு முக்கியம். பாண்டிச்சேரியில் இருந்த காலத்தில் லெ ஜான்டீல் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, அதை நூலாகவும் எழுதினார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறைக் கணக்கு 41 வினாடி குறைவாகச் சொன்னது. அன்று ஐரோப்பாவில் பேர்பெற்றிருந்த மேயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகச் சொன்னது. நம்மவர் கணக்கே நெருங்கி வந்தது.

அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள்? காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களை ஒளித்து வைத்த வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே நகர்த்துவார்கள். 1825-இல் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, பாண்டிச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தை இப்படியே கணித்துக் காட்டியதை எழுதி வைத்திருக்கிறார். மே 31 இரவுக் கிரகணம் அது. தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, நடுப்பகுதி 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். பிசகையும் சேர்த்தே எழுதி வைத்ததால்தான் 1952-இல் நாய்கபாவர் என்ற கணித வரலாற்றாசிரியர் அதை ஆராய்ந்து 'தமிழ் வானியல்' என்ற பெயரிலேயே கட்டுரை எழுத முடிந்தது. மேகம் மூடிய இரவிலும் செய்யக்கூடிய வானியல் ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நுங்கம்பாக்கத்தில் இருவர்

சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் 1792-இல் எழுந்த வான்நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. கடற்கரைக்குப் பக்கத்து ஊர், நம்மூர் மாதிரியே ஈரக்காற்று. அங்கே 1861-இல் தலைவராக வந்தவர் நார்மன் போக்சன். வந்த வருடமே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயரிட்டார். அதற்கு முன்பே, 1856-இல், நட்சத்திர ஒளியை அளக்க அவர் கொடுத்த அளவுகோலைத்தான் இன்றுவரை உலகம் பயன்படுத்துகிறது. ஒரு படி மங்கினால் ஒளி ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைவு, ஐந்து படி மங்கினால் நூறு மடங்கு குறைவு.

அவரிடம் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867 ஜனவரியில், 'ஆர் ரெடிகுலி' என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதை இவர் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகம் தன் உறுப்பினராக ஏற்ற முதல் இந்தியர் இவரே. 1874-இல் வெள்ளிக் கடப்பு வந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளிலும் சிறுநூல் எழுதினார். திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார்.

இங்கேயும் என் கணக்கு வருகிறது. அந்த நட்சத்திரம் சென்னையில் அடிவானத்துக்கு மேலே அதிகபட்சம் 14 டிகிரிதான் ஏறும். உச்சியில் பார்ப்பதைப்போல் நான்கு மடங்கு காற்றின் வழியாகப் பார்த்து, அது மங்குவதையும் கூடுவதையும் கண்டுபிடிப்பதென்றால் சும்மாவா? மங்கியது நட்சத்திரமா, காற்றா என்று பிரித்துச் சொல்ல வேண்டுமே! அதற்கு ஒரே வழி, பக்கத்தில் அதே உயரத்தில் இருக்கும் மற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிடுவதும், தினமும் எழுதி வைப்பதும். மூட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக மங்கவைக்கும். நட்சத்திரம் தான் மட்டும் தனியாக மங்கும்.

1872 கார்த்திகை

1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. 1846-இல் இரண்டாக உடைந்து, 1852-க்குப் பிறகு காணாமல் போன பீலா வால்நட்சத்திரத்தின் துகள்கள் அவை. அப்படியென்றால் மூல வால்நட்சத்திரம் பூமியைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும், அந்தப் பக்கம் ஐரோப்பாவிலிருந்து தெரியாது என்று ஜெர்மனியில் கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர் யோசித்தார். உடனே சென்னைக்குத் தந்தி பறந்தது. பீலா பூமியைத் தொட்டுவிட்டது, தீட்டா சென்டாரி பக்கம் தேடுக என்பது செய்தியின் சாரம்.

நேரம் எப்படிப்பட்ட நேரம்! கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவமழை. தேட வேண்டிய இடமோ விடிவதற்குச் சற்று முன்னால் தென்கிழக்கு அடிவானம், அதாவது மழை வரும் கடல் பக்கம். வேறு யாராக இருந்தாலும் 'வானம் திறந்ததும் பார்க்கலாம்' என்று போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். போக்சன் படுக்கவில்லை. வைகறையில் எழுந்து காத்திருந்தார். டிசம்பர் 2 அன்று மேகத்தின் இடுக்கில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. இடத்தை அளந்தார். மறுநாள் 3-ஆம் தேதியும் பார்த்து அளந்தார். அப்புறம் மழை மூடியது. திரும்ப வானம் தெளிந்தபோது அது போய்விட்டது.

ஒரு வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று முறை இடத்தை அளக்க வேண்டும். போக்சனுக்குக் கிடைத்தது இரண்டு. ஒரே ஒரு காலை வானம் திறந்திருந்தால் கதையே வேறு! அவர் பார்த்தது பீலா அல்ல, தற்செயலாக அந்தப் பக்கம் இருந்த வேறொன்று என்பதே பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. ஆனாலும் அந்த இரண்டு காலைகளும் வீணாகவில்லை. பாதை கணிக்க முடியாத வால்நட்சத்திரங்களின் வரிசையில் 1872-க்கான பதிவாக அது இன்றும் இருக்கிறது. பார்த்தவர் ஒருவர், பார்த்தது இரண்டு முறை, அதுவும் மேகத்தின் இடுக்கில். நேரமும் இடமும் எழுதியிருந்தார், அதனால் நின்றது.

நம்மூர் வானம்

1968-இல் வைணு பாப்பு நல்ல வானம் தேடி ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போனார். பெரிய விஞ்ஞானத்துக்கு அப்படிப் போகத்தான் வேண்டும். நமக்குக் கிடைத்தது பட்டுக்கோட்டை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

முதலில், உச்சியைப் பாருங்கள். அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் காற்றின் கனம் இரண்டு மடங்கு, 10 டிகிரியில் ஐந்து மடங்குக்கும் மேல். நம்மூரில் துருவ நட்சத்திரம் இருப்பதே 10 டிகிரி சொச்சத்தில்தான், அதனால்தான் பாதி நாள் கண்ணில் படுவதில்லை. ஆனால் தையில் திருவாதிரை நட்சத்திரம் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே வருகிறது. வடநாட்டுக்காரனுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

இரண்டாவது, பொருளைத் தேர்ந்தெடுங்கள். மங்கலான இரவில் பால்வீதியைத் தேடி அலுத்துக்கொள்ள வேண்டாம். சந்திரன், கிரகங்கள், இரட்டை நட்சத்திரங்கள் இவை மூட்டத்தைத் தாங்கும். இன்னொன்று, காற்றே அசையாமல் பனி இறங்கும் இரவில் நட்சத்திரங்கள் அதிகம் மினுக்காது. மினுக்காத இரவில் கிரகத்தின் உருவம் ஆடாமல் நிற்கும்.

இதற்கு என் அனுபவம் ஒன்று. 2010 ஜனவரி கடைசி, தைப்பூசத்தை ஒட்டிய இரவு. நான் நம் கல்லூரியில் இயற்பியல் மாணவன் (பொறியியல் பிறகு வந்தது). முழுநிலா, அதோடு பனிமூட்டம். வானம் பார்ப்பவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போகும் இரவு. ஆனால் அந்த வாரம் செவ்வாய் பூமிக்கு அருகில் இருந்தது, அதுவும் பூச நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், நிலாவுக்கும் பக்கத்தில். மொட்டை மாடியில் எங்கள் ஆசிரியர், "அவசரப்படாதீங்கப்பா, உச்சிக்கு வரட்டும்" என்றார். நடுநிசி சமயம் பார்த்தோம். ஆடாத சிவப்பு வட்டம், அதன் ஓரத்தில் துருவப் பனியின் வெள்ளைப் பொட்டு. பசங்க ஒருத்தரும் கீழே இறங்கவில்லை.

மூன்றாவது, மூட்டத்தையே அளங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் எண்ண முடிகிறது? கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரம் போக்சன் அளவுகோலில் எத்தனையாவது படி? ஆறாவது படி தெரிய வேண்டிய இடத்தில் மூன்றாவதுதான் தெரிகிறது என்றால், ஒளியில் பதினைந்து மடங்குக்குமேல் நம் காற்றும் நம் தெருவிளக்குகளும் தின்றுவிட்டன என்று அர்த்தம். டெலஸ்கோப்பே தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. 2018 நவம்பர் 16 கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எல்லாவற்றையும் இழந்து நின்ற நேரத்தில் வானத்தை யார் அளப்பார்கள்? அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இருட்டில் நம்மூர் வானம் எத்தனை நட்சத்திரம் காட்டியது, விளக்கு வந்ததும் எத்தனை மறைந்தது என்பதற்கு, முன்னும் பின்னும் தொடர்ந்து எழுதிய குறிப்பேடு ஒன்று இருந்திருந்தால் இன்று ஒப்பிட்டிருக்கலாம். ஒளி கூடிக்கொண்டே போகும் ஊரில், இழந்தது எவ்வளவு என்று சொல்லக்கூட அளவு வேண்டும் அல்லவா?

ஆகவே முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் இயற்பியல் துறைக்குத் தடித்த அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று வாங்கி வைப்போம். அமாவாசையை ஒட்டிய நாட்களில், மாணவர்கள் முறைபோட்டு மொட்டை மாடிக்கு ஏறட்டும். தேதி, நேரம், காற்று, எண்ணிய நட்சத்திரங்கள் இவற்றை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஒன்றுமே தெரியாத இரவில் 'மப்பு, எதுவும் தெரியவில்லை' என்று நேரத்தோடு எழுதட்டும். அதுவும் பதிவுதான். பத்து வருடம் கழித்து அடுத்த சந்திப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறவருக்கு அந்தக் குறிப்பேடு கையில் இருக்கும். முதல் குறிப்பேட்டின் செலவு என்னுடையது.