ஏழு சுரங்களும் நம் சிறார்களும்

நம் காலனிச் சிறார்கள் பள்ளியில் ‘ச, ரெ, க, ம’ என்று பயில்கின்றனர். மாலையில் சங்கத்தின் இசை வகுப்பில் ‘ச, ரி, க, ம’ என்று பாடுகின்றனர். “இவற்றுள் எது சரி, அப்பா?” என்று நம் இல்லத்துச் சிறுமி ஒருநாள் வினவினாள். இரயில்வே பேரேடுகளோடு பாதி வாழ்நாளைக் கழித்துவிட்ட நாம் விடை கூற இயலாது விழித்தோம். அந்த நாணமே இச்சிறு கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஏழு சுரங்கள் தமிழருக்குப் புதியன அல்ல. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் பெயர்களைச் சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் நமக்குக் காத்துத் தந்தன. அவற்றின் பொருளை ஆராய்ந்தே ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்தையும், விபுலானந்த அடிகள் 1947இல் ‘யாழ் நூ’லையும் வெளியிட்டனர்.

இன்று நம் குழந்தைகள் பயிலும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகிய பாட முறையை வகுத்தவர் கன்னட நாட்டுப் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. தொடக்கப் பாடம் மாயாமாளவகௌளையில் அமைந்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ‘ச ரி க ம’ என்பதில் சுரங்களுக்கு இடையே உள்ள தூரமே ‘ப த நி ச’ என்பதிலும் அமைந்திருக்கிறது. முற்பாதியைக் கற்ற குரலுக்குப் பிற்பாதி எளிதாகிறது.

பதினேழாம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர் காலத்தில், வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’ இயற்றினார். ஷட்ஜமும் பஞ்சமமும் மாறாதவை. ரி, க இரண்டும் ஆறு வகையாக இணையும். த, நி இரண்டும் அவ்வாறே ஆறு வகையாக இணையும். ஆறை ஆறால் பெருக்க 36. மத்தியமம் இரண்டாதலால் 72 மேளங்கள். அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை 19 மட்டுமே! எஞ்சியவற்றை வருங்காலத்தவர்க்கென இடம் ஒதுக்கி வைத்தார் எனலாம்.

மராட்டிய அறிஞர் பாத்கண்டே 1904இல் தென்னாடு வந்து, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைக் கண்டு உரையாடினார். இந்த மேள முறையை ஆராய்ந்த அவர், பின்னர் வடநாட்டு இராகங்களைப் பத்துத் தாட்டுகளாக வகுத்தார். அவருடைய பைரவ் தாட்டின் சுரங்களே நம் மாயாமாளவகௌளையின் சுரங்கள். கல்யாண் தாட்டின் சுரங்களே நம் மேசகல்யாணியின் சுரங்கள்.

எனவே நம் சிறுமிக்கு இவ்வாறு விடை கூறினோம்: “இரண்டும் சரி, அம்மா. ரெ என்பதும் ரி என்பதும் ரிஷபமே. சுரம் ஒன்று, அதைப் பிடிக்கும் பாணியும் கமகமும் வேறு.”

அன்பர்களே! பள்ளிப் பாடத்தை வெறுக்கவும் வேண்டாம். அது போதுமென்று மாலை வகுப்பை நிறுத்தவும் வேண்டாம். பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்குச் சொத்தென எஞ்சியவை மொழியும் இசையுமே. அவற்றை நம் மக்கள் கையில் குறைவின்றி ஒப்படைப்பது நம் கடனாகும்.