பெரும் பூட்டு காத்து நின்றவை: கியூஎமு வரலாற்றிலிருந்து

பல இழைகளில் இயங்கும் மென்பொருளில் பூட்டைச் சிறிதாக்குவது வேகத்திற்கான வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கியூஎமு எமுலேட்டரின் வரலாறு வேறொன்றையும் உணர்த்துகிறது. பெரிய பூட்டை உடைக்கும்போதுதான், அது சொல்லாமல் காத்துவந்தவை எவை என்பது தெரியவருகிறது.

2003இல் ஃபப்ரீஸ் பெல்லார் வெளியிட்ட கியூஎமு, ஒரு செயலிக்கான ஆணைகளைச் சிறு தொகுதிகளாக வேறொரு செயலியின் ஆணைகளாக மொழிபெயர்த்து இயக்குவது. பல செயலிகள் கொண்ட இயந்திரத்தைப் போலச்செய்தபோதும், அவை யாவும் ஒரே இழையில் முறைவைத்தே ஓடின. கணினியில் 64 கருக்கள் இருப்பினும் அப்பணிக்குப் பயன்பட்டது ஒன்றே. இழப்பு வெளிப்படையானது, ஆதாயமோ மறைவானது. ஒரு தொகுதி முடிந்த பின்னரே அடுத்த செயலிக்கு முறை வந்தமையால், நினைவகத்தைப் படித்து மாற்றுவதை இடையூறின்றி முடிக்க வேண்டிய பகுபடா ஆணைகள் எம்முயற்சியுமின்றிப் பகுபடாமல் நின்றன.

2007இல் லினக்ஸ் 2.6.20உடன் கேவிஎம் வந்தது. அதன் துணையுடன் இயங்குகையில் ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் தனி இழை கிடைத்தது. விருந்தினர் நிரல் ஓடும்போது பூட்டு விடுவிக்கப்பட்டது. சாதனங்களைத் தொட நேர்ந்தபோது இழைகள் ஒரே பெரும் பூட்டின் முன் காத்து நின்றன. பகுபடாமையையும் நினைவக ஒழுங்கையும் வன்பொருளே காத்தது. கியூஎமுவின் சொந்த மொழிபெயர்ப்பு எந்திரமான டிசிஜிக்கு அவ்வசதி இல்லை.

ஆகவே, 2017இல் 2.9 பதிப்பில் டிசிஜி பல இழைகளில் ஓடத் தொடங்கியபோது, இலவசமாய்க் கிடைத்தவை அனைத்தும் உழைத்து ஈட்டப்பட்டிருந்தன. பகுபடா ஆணைகளுக்குத் தனி மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. நினைவக ஒழுங்கில் தளர்வான ஆர்ம் விருந்தினரை, ஒழுங்கில் கண்டிப்பான எக்ஸ்86 கணினியில் ஓட்டுவதற்கு இம்முறை இயல்பாகவே இயக்கப்பட்டது. மறுதிசைக்கு அப்போது அவ்வாறு அனுமதிக்கப்படவில்லை. மொழிபெயர்ப்புகளைக் காத்த பொதுப் பூட்டு 2018இல் 3.0 பதிப்பில் நீங்கியது. நினைவகப் பக்கங்களுக்கான சிறு பூட்டுகளும், பூட்டின்றித் தேடத்தக்க அட்டவணையும் அதன் பணியை ஏற்றன.

பெரும் பூட்டு முற்றிலும் மறைந்துவிடவில்லை. சாதன மாதிரிகள் பலவும் இன்றும் அதன் காவலில்தான் உள்ளன. லினக்ஸ் கெர்னலின் பெரும் பூட்டும் 1996இல் வந்து, 2011இல்தான் முழுமையாக அகன்றது. இத்தாமதத்தைச் சோம்பல் என்று தள்ளிவிட இயலாது. எழுதப்படாத உறுதிமொழிகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, நிரலில் வெளிப்படையாக எழுதி முடிக்கும் வரை பூட்டைச் சிறிதாக்குவது பிழையைப் பெரிதாக்குவதாகவே முடியும்.