வல்லாரையும் நீர்ப்பிரமியும்: 'நினைவாற்றல் மூலிகை' என்னும் பெயரின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

நினைவாற்றலை வளர்க்கும் மூலிகை என்றவுடன் தமிழ்நாட்டில் வல்லாரையே முதலில் சுட்டப்படுகிறது. கேரளத்தில் அவ்விடத்தைப் பிரமி பெற்றுள்ளது. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆயினும் 'பிராமி' என்னும் ஒரே பெயர் இரண்டுக்கும் வழங்கி வருகிறது. வடமொழி மருத்துவ நூல்கள், தமிழ்க் குணபாட மரபு, காலனியக் கால மருந்துப் பதிவுகள், இருபதாம் நூற்றாண்டு ஆய்வகம் ஆகியவற்றின் வழியே இப்பெயர்க் குழப்பத்தையும், நினைவாற்றல் வல்லாரையின் முதன்மைப் பயனாக உயர்ந்த விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வல்லாரை, நீர்ப்பிரமி, மேத்திய இரசாயனம், குணபாடம், பேக்கோசைடு

ஒரு பெயர், இரு செடிகள்

வல்லாரை கொத்துமல்லி, சீரகம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த படர்செடி. நீண்ட காம்பின் நுனியில் சிறுநீரக வடிவிலான ஒற்றை இலையும், கணுதோறும் இறங்கும் வேரும் இதன் அடையாளங்கள். 1753இல் லின்னேயசு இதற்கு ஹைட்ரோகாட்டைல் ஏசியாட்டிகா எனப் பெயரிட்டார். 1879இல் அர்பன் இதனைச் செண்டெல்லா பேரினத்துக்கு மாற்றினார். நீர்ப்பிரமி என்பது பேக்கோபா மொன்னியேரி. இதுவும் ஈரநிலத்தில் படர்வதே. ஆனால் சிறிய, தடித்த, சாறு நிறைந்த இலைகளையும் வெளிர்நிற மலர்களையும் உடையது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒன்றை மற்றொன்றாக மயங்க வாய்ப்பே இல்லை. மயக்கம் முழுவதும் பெயரில்தான் இருக்கிறது.

மக்கள் வழக்கு இவற்றைத் தெளிவாகப் பிரித்தே வைத்துள்ளது. தமிழில் வல்லாரை, நீர்ப்பிரமி. மலையாளத்தில் குடங்ஙல், பிரம்மி. வங்கத்தில் தான்குனி, பிராமி சாக். சிங்களத்தில் கொட்டுக்கொள, லுணுவில. அதேவேளை வல்லாரை தெலுங்கில் சரசுவதி ஆக்கு எனப்படுகிறது. கன்னடத்தில் ஒந்தெலகம் எனவும் பிராமி எனவும் வழங்குகிறது. வட இந்தியாவின் பல பகுதிகளிலும் அதற்குப் பிராமி என்பதே பெயர். கலைமகளின் பெயரைத் தாங்கிய செடி நாட்டின் ஒரு பகுதியில் ஒன்றாகவும் மறுபகுதியில் வேறொன்றாகவும் அமைந்துவிட்டது.

வடமொழி நூல்களின் சான்று

சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதி, மேதையை வளர்க்கும் இரசாயனங்களாக நான்கினைக் கூறுகிறது: மண்டூகபர்ணியின் சாறு, பாலுடன் அதிமதுரப் பொடி, சீந்தில் சாறு, சங்கபுட்பியின் அரைப்பு. நான்கனுள் பிராமி இல்லை என்பது கவனத்திற்குரியது. மண்டூகபர்ணியை வல்லாரையாகக் கொள்வதில் இன்று பெரும்பாலோர் உடன்படுகின்றனர். சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில், மேதையும் ஆயுளும் வேண்டுவோர்க்கென அமைந்த 28ஆம் இயலில், மண்டூகபர்ணி, பிராமி இரண்டுக்கும் தனித்தனிப் பயன்முறைகள் கூறப்படுகின்றன. எனவே சுசுருத மரபு இவற்றை இரு மருந்துகளாகவே அறிந்திருந்தது.

பதினாறாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பாவப்பிரகாசம் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பொதுவான பண்புகளைக் கூறுகிறது. ஒரே குணம் சொல்லப்பட்ட பிறகு பெயர்கள் இடம் மாறுவது எளிது. ஒன்று கிடைக்காத ஊரில் மற்றொன்றை ஏற்பதற்கு நூலாதாரம் கிடைத்துவிடுகிறது. குழப்பத்தின் தோற்றுவாய் இந்த ஒரு நூலே என்று கூற இயலாது. ஆயினும் அது நிலைபெற இது துணைசெய்தது எனக் கருத இடமுண்டு.

குணபாடமும் ஐன்ஸ்லியின் பதிவும்

தமிழ்ச் சான்றுக்கு வருவோம். வல்லாரை பற்றிய பேச்சில் 'சித்தர்கள் கண்ட நினைவாற்றல் மூலிகை' என்னும் தொடர் தவறாது இடம்பெறுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக் காலத்தில் நாள்தோறும் வல்லாரைத் துவையல் உண்டு வளர்ந்த தலைமுறையினருள் இக்கட்டுரையாளரும் ஒருவர் என்பதால், இத்தொடரை ஐயத்தோடு அணுகுவதற்கே சிறிது காலம் பிடித்தது. குணபாட நூல்களில் வல்லாரைக்கு மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் வெண்பா கூறுவது என்ன? அக்கரம் எனப்படும் வாய்ப்புண், வயிற்றுக்கழிச்சல், குருதிக்கடுப்பு ஆகியன நீங்கும் என்பதும், இதனை மனையில் வளர்த்து வைத்தல் வேண்டும் என்பதுமே. நினைவு, அறிவு, கல்வி ஆகியவை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வல்லாரை உண்டவரோடு மல்லாடலாகாது என்னும் கருத்துடைய பழமொழியும் உடல் வலிமையைத்தான் சொல்கிறது.

இவ்வெண்பாவுக்குத் துணையாகத் தமிழ்நாட்டு வைத்தியர்களின் நடைமுறை குறித்த புறச்சான்று ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய வைட்லா ஐன்ஸ்லி, உள்ளூர் மருந்துகளைத் தொகுத்து 1813இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் விரிவான வடிவம் 'மெட்டீரியா இண்டிகா' என்னும் பெயரில் 1826இல் இலண்டனில் வெளிவந்தது. தமிழ்ப் பெயர்களைத் தலைப்பாக்கி வைத்தியரின் பயன்பாட்டைக் குறித்துச் செல்வது அவர் முறை. வாட்டிய வல்லாரை இலையை வெந்தயத்தோடு சேர்த்து ஊறல்நீராக்கிக் குழந்தைகளின் வயிற்று நோய்க்கும் காய்ச்சலுக்கும் தருவர் என்றும், அடிபட்ட இடத்தில் வீக்கம் தணிய இலையை வைப்பர் என்றும் அவர் எழுதுகிறார். நீர்ப்பிரமியைப் பற்றி அவர் கூறுவது, மலச்சிக்கலோடு கூடிய நீரடைப்புக்கு அது பயன்படும் என்பதாகும். இன்று நினைவாற்றலுக்குப் பெயர்பெற்ற இரு செடிகளையும் அவர் அறிந்திருந்தார்; இரண்டிலும் நினைவாற்றல் அவர் காதில் விழவில்லை.

ஐரோப்பியர் ஒருவர் கேட்காததனாலேயே அப்பயன் இல்லை என முடிவுகட்டுதல் முறையாகாது. வைத்தியர் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருப்பர் என்று எதிர்பார்க்கவும் இயலாது. கற்ப முறைகளில் வல்லாரைக்கு இடமுண்டு. பிரமி நெய் போன்ற மருந்துகளும் சித்த மருத்துவத்தில் உள்ளன. ஆயினும் குழந்தையின் வயிற்றுக்கழிச்சலுக்கு வல்லாரை என்பதில் வெண்பாவும் ஐன்ஸ்லியும் ஒத்துப்போவதைத் தற்செயல் எனத் தள்ளிவிட முடியாது. வீட்டுக் கொல்லையில் இச்செடி இடம்பெற்ற காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருத்தல் வேண்டும். 'சித்தர்கள் கண்ட' என்னும் அடைமொழியை எழுதுமுன், எந்த நூலில், எந்தப் பாடலில், எச்சுவடியில் என்று கேட்கும் கடமை ஆய்வாளர்க்கு உண்டு. இல்லையேல், வடமொழி மரபின் மேத்தியக் கருத்தையும் தமிழ் மரபின் குழந்தை மருத்துவத்தையும் ஒருசேர மறைத்தவர் ஆவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் எஞ்சிய பகுதியிலும் வல்லாரையின் புகழுக்குக் காரணம் வேறு. மொரீசியசுத் தீவில் புவாலோ என்னும் மருத்துவர் தொழுநோய்க்கு அதனைப் பயன்படுத்திய செய்தி 1850களில் பரவியது. சென்னையிலும் சோதித்துப் பார்த்தனர். 1868இல் வெளியான 'இந்திய மருந்தியல் நூல்' அதனை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டில் சென்னையைச் சேர்ந்த முகைதீன் செரீப் அந்நூலுக்கு ஒரு துணைநூல் வெளியிட்டு, மருந்துகளின் பெயர்களைப் பல இந்திய மொழிகளில் நிரல்படுத்தினார். ஒரே பெயரில் பல செடிகள் கடைகளில் விற்கப்படுவதால் விளையும் கேட்டினை அவர் அன்றே உணர்ந்திருந்தார். இவர் பணியைத் தமிழ் மருத்துவ வரலாற்றாய்வு போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

ஆய்வகமும் உறையும்

வல்லாரையிலிருந்து ஏசியாட்டிகோசைடு என்னும் பொருளை 1941இல் போன்தெம் பிரித்தெடுத்தார். அது புண்ணாற்றும் மருந்துகளுக்கு அடிப்படையாயிற்று. அறிவாற்றல் ஆய்வு மற்றச் செடியைச் சார்ந்து வளர்ந்தது. இலக்னோவிலுள்ள மைய மருந்து ஆய்வு நிறுவனத்தினர் 1960களில் நீர்ப்பிரமியின் சப்போனின்களைப் பிரித்துப் பேக்கோசைடு எனப் பெயரிட்டனர். விலங்குகளிடம் கற்றல் திறன் சோதனைகளும் தொடர்ந்தன. அதே காலத்தில் பெல்சியத்தில் கொர்னேலியு ஜுர்ஜியா, 1964இல் உருவான பிராசிட்டம் என்னும் மருந்தை முன்வைத்து, 1972இல் 'நூட்ரோபிக்' என்னும் கலைச்சொல்லைப் படைத்தார். மனத்தின் திறனை உயர்த்தி, உடலுக்குத் தீங்கு செய்யாத பொருள் என்பது அவர் வகுத்த கருத்து. நோயற்றவரும் உண்ணத்தக்க மருந்து என்னும் எண்ணத்துக்கு மேலைநாட்டில் புதுப்பெயர் தேவைப்பட்டது; இங்கே 'மேத்தியம்' முன்பே காத்திருந்தது.

1990களில் இலக்னோ நிறுவனத்தின் ஆய்வு, 'மெமரி பிளஸ்' என்னும் பெயரில் சென்னை நிறுவனமொன்றின் வழியாகச் சந்தைக்கு வந்தது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் அதன் விளம்பரத்தில் தோன்றினார். தேர்வு எழுதும் மாணவரும் அவர்தம் பெற்றோருமே இதன் இயல்பான நுகர்வோர். உறையினுள் இருந்தது நீர்ப்பிரமி. தமிழ்ப் பெற்றோர் மனத்தில் இருந்ததோ வல்லாரை. 'பிராமி' என்னும் சொல் இரண்டையும் இணைத்துவிட்டது.

சோதனைகள் கூறுவன

2001இல் ஆத்திரேலியாவில் நடந்த ஆய்வொன்றில் 46 நலமான பெரியவர்கள் 12 வாரங்கள் நாள்தோறும் 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சத்து அல்லது வெற்று மருந்து உட்கொண்டனர். சத்து உண்டவர்களிடம் காட்சித் தகவலைக் கையாளும் வேகம் முதலியன மேம்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2002இல் 76 பேரிடம் மூன்று மாதம் நடந்த மற்றோர் ஆய்வு, கற்கும் வேகம் மாறவில்லை, கற்றதை மறப்பது குறைந்தது என்றது. 300 மில்லிகிராமை ஒரேயொரு வேளை தந்து சிறிது நேரத்தில் சோதித்தபோது பயன் எதுவும் தென்படவில்லை. தேர்வுக்கு முதல்நாள் இரவு உண்பதால் ஆவது ஒன்றுமில்லை என்பது இதனால் பெறப்படும்.

வல்லாரைக்கான சான்றுகள் இவற்றினும் மெலிந்தவை. அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் மண்டூகபர்ணியைச் சோதித்து அப்பாராவ் முதலியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு சிறியது. எனினும் பின்வந்தோர் பலரும் அதையே சுட்டுகின்றனர். மனிதரிடம் நிகழ்ந்த சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பாய்வு, அறிவாற்றலில் வெற்று மருந்துக்கும் வல்லாரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. விழிப்புணர்வு போன்ற மனநிலைக் கூறுகளில் மட்டும் சிறு பயனைக் குறித்தது. வல்லாரையில் பேக்கோசைடு இல்லை. ஆயினும் வல்லாரைப் பொடியைப் பரிந்துரைக்கும் தமிழ் எழுத்துகளில் பேக்கோசைடு பற்றிய முடிவுகள் 'பிராமி'யின் பெயரால் எடுத்தாளப்படுகின்றன. மேற்கண்ட ஆய்வுகளைத் தமிழில் மேற்கோள் காட்டுவோர் செடியின் தாவரவியல் பெயரைத் தமிழ் எழுத்திலேனும் உடன் தருதல் வேண்டும். மருந்துக்குச் செடி சேகரிப்போரும் அது வளர்ந்த நீர்நிலையை அறிந்திருத்தல் வேண்டும். கழிவுநீரிலுள்ள காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களைத் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும் திறனுக்காகவும் நீர்ப்பிரமி ஆராயப்பட்டு வருகிறது.