எல்லைக்கல் எங்க போச்சு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு இதை நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல. ஒரு தெருவுல இருபது வீடு இருந்தா, அதுல ரெண்டு வீட்டுக்காரங்களாவது பேசிக்க மாட்டாங்க. காரணம் கேட்டா, "ஆறு இஞ்ச் உள்ள வந்து சுவர் எழுப்பிட்டான் சார்"னு பதில் வரும். ஆறு இஞ்ச் அகலம், அறுபது அடி நீளம். கணக்குப் போட்டா முப்பது சதுர அடி. ஒரு கட்டில் போடற இடம். அதுக்காகப் பத்து வருஷம் கோர்ட்டு, ரெண்டு தலைமுறைப் பகை, இந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த வீட்டுக்குப் பத்திரிகை கிடையாது.

இதைப் பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறோம். எனக்கு அப்படித் தோணல. ஒரு எல்லை எங்க ஓடுதுங்கிற ஞாபகத்தை ஒவ்வொரு காலத்துலயும் யார்கிட்டயோ கொடுத்து வெச்சிருந்தோம். அது கை மாறிக் கை மாறி, கடைசியில யார் கையிலயும் இல்லாம போச்சு. நம்ம காம்பவுண்டு சுவர்ச் சண்டையில பாதி அங்கதான் இருக்கு.

கொஞ்சம் பின்னாடி போவோம். ஆவடியில அரக்கோணம் ரயில் ஏறினா, திருவள்ளூர் தாண்டி திருவாலங்காடு வரும். அந்தக் கோயிலுக்கு முதலாம் ராஜேந்திர சோழன் பழையனூர் கிராமத்தைக் கொடுத்ததைச் சொல்ற செப்பேடு ரொம்பப் பிரசித்தம். மொத்தம் 31 ஏடு. சோழர் பரம்பரை, போர், வெற்றி எல்லாம் அதுல இருக்கு. சரித்திர ஆசிரியர்கள் அதைத்தான் அதிகம் பேசுவாங்க. எனக்குப் பிடிச்சது, ஊரோட எல்லையைச் சொல்ற பகுதிதான். எந்த ஊருக்கு மேற்கே, எந்த வாய்க்காலுக்குத் தெற்கேன்னு வரி வரியா நீண்டுக்கிட்டே போகும்.

சோழர் காலத்துல ஊரைத் தானம் கொடுக்கும்போது ஒரு பெண் யானையை எல்லையைச் சுத்தி நடக்க விட்டு, அது போன வழியில கல்லும் கள்ளிச் செடியும் நடறது வழக்கம். கல் பெயர்ந்தாலும் கள்ளி இருக்கும், கள்ளி காய்ஞ்சாலும் கல் இருக்கும். நல்ல ஏற்பாடு இல்லையா? அதை விட முக்கியம், யானை நடக்கும்போது சுத்துவட்டார ஊர்க்காரங்க கூடவே நடந்தாங்க, சாட்சியாக் கையெழுத்தும் போட்டாங்க. பக்கத்து ஊர்க்காரன் இல்லாம எல்லை போட்டா அது எல்லையே இல்லங்கிறது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

அப்புறம் கம்பெனி காலம். ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-ல செங்கல்பட்டுச் சீமையை ஜாகீரா கம்பெனிக்குக் கொடுத்தார். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் இந்தச் சீமைக்குள்ளதான். 1767-ல இருந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுங்கிற கம்பெனி எஞ்சினியர் இங்க இருந்த சுமார் ரெண்டாயிரம் கிராமங்களோட கணக்கை எடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில எழுதினதுதான் அதுக்கு மூலம். எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு மானியம் எல்லாம் ஓலையில இருந்துச்சு. ஊருக்குள்ள இருந்த நிலம் மிராசுதார்கள் கையில. ஒருத்தன் பங்கு எது, அடுத்தவன் பங்கு எதுங்கிறது கணக்கரோட ஓலையிலயும் ஊர்க்காரங்க தலையிலயும்தான்.

ரெண்டு ஊருக்கு நடுவுல எல்லைத் தகராறு வந்தா? 19-ஆம் நூற்றாண்டுல ஆங்கிலேயர்கள் எழுதி வெச்ச குறிப்புகள்ல ஒரு வழக்கம் வருது. ஊர்ச் சேரியில இருக்கிற பறையர் ஒருத்தரைக் கூப்பிடுவாங்க. அவர் தலையில தண்ணிக் குடத்தோட நடப்பார். அவர் நடந்த தடம்தான் எல்லை. ரெண்டு தரப்பும் ஒத்துக்கணும். ஏன் அவர்? தலைமுறை தலைமுறையா அந்த மண்ணுல வேலை செஞ்சவங்க, அதோட ஒவ்வொரு மூலையும் அவங்களுக்குத் தெரியும், அவங்கதான் இங்க ஆதியில இருந்து இருக்கிறவங்கங்கிற நம்பிக்கை.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். ஊரோட எல்லை மொத்தமும் தெரிஞ்ச ஆளுக்கு, பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ள சொந்தமா ஒரு துண்டு நிலம்கூட கிடையாது. இதே செங்கல்பட்டு ஜில்லா கலெக்டரா இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல இந்த மக்களோட நிலைமையைப் பத்தி அறிக்கை எழுதி, அதுக்கு அடுத்த வருஷம் அவங்களுக்கு நிலம் ஒதுக்கற உத்தரவு வந்துச்சு. பஞ்சமி நிலம்னு இன்னிக்கும் பேசறோமே, அதோட தொடக்கம் நம்ம ஜில்லாதான். அந்த நிலங்கள்ல எவ்வளவு எல்லை அழிஞ்சு யார் யார் கைக்குப் போச்சுங்கிறது தனிக் கதை, தனியாத்தான் எழுதணும்.

இப்போ அளவுக்கு வருவோம். அந்தக் காலத்துல கோல் ஊருக்கு ஊர் மாறும். மெட்ராஸ் பக்கத்துல நிலைச்சது 24 அடிக் கோல். 24-க்கு 24 அடி ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. அதை 24-ஆப் பிரிச்சா ஒரு மனை, 2400 சதுர அடி. ஆமாங்க, புரோக்கர் "ஒரு கிரவுண்டு"ன்னு சொல்றாரே, அதேதான். திருநின்றவூர்ல மனை பார்க்கப் போற ஐ.டி. பையனும் தெரியாமலே பழைய குழிக் கணக்குலதான் பேரம் பேசறான் :-)

ஆனா சர்க்கார் அளந்தது வேற கணக்குல. 1620 வாக்குல இங்கிலாந்துல எட்மண்ட் குண்டர்ங்கிறவர் 66 அடிச் சங்கிலி ஒண்ணைக் கொண்டு வந்தார். அதுல நூறு லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதுல நூத்துல ஒரு பங்கு ஒரு சென்ட், 435.6 சதுர அடி. இதனால ஒரு கிரவுண்டுன்னா அஞ்சரை சென்ட்னு வாயில சொல்வோம், துல்லியமாப் பார்த்தா 5.51. பிற்பாடு மெட்ரிக் வந்து பட்டா ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாறிடுச்சு. ஒரு ஏர் 1076 சதுர அடி. ஏர் கணக்குல புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு இலக்கம் தள்ளினாலும் நூறு சதுர அடி அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போயிடும். பத்திரத்துல சதுர அடி, பழைய பதிவேட்டுல சென்ட், பட்டாவுல ஏர். மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிட்டு ரெண்டு வீட்டுக்காரங்க கத்தினா, ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்கன்னு கூட அர்த்தம் இருக்கலாம்.

அளக்கிறதுன்னதும் பரங்கிமலை ஞாபகத்துக்கு வரும். பூந்தமல்லியில இருந்து கூப்பிடு தூரம் மாதிரி. 1802 ஏப்ரல் 10-ல வில்லியம் லாம்டன் அங்கதான் ஏழரை மைல் அடிக்கோடு ஒண்ணை அளக்க ஆரம்பிச்சார். 57 நாள் ஆச்சு. அவர் வெச்சிருந்த 100 அடி இரும்புச் சங்கிலிக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. அது சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாப் போன சாமான்கள்ல ஒண்ணு. அவர் வேண்டாம்னுட்டார், அது சுத்திச் சுத்தி மெட்ராஸ் வந்து சேர்ந்துச்சு. அந்த அடிக்கோட்டுல இருந்து கிளம்பின முக்கோணங்கள் பிற்பாடு இமயமலை வரைக்கும் போச்சு. ஆனா அது தேசப்படம் போடற அளவை. நம்ம வரப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

வரப்பை அளந்தது வருவாய் சர்வே. எல்லைக்கல்லுக்குன்னு 1860-லயே மெட்ராஸ் மாகாணத்துல ஒரு சட்டம் வந்துச்சு. வயலுக்கு ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு வரைபடம், அதுதான் எஃப்.எம்.பி., தமிழ்ல புலப்படம். மூலையில கல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல எத்தனை லிங்க்னு எழுத்து. 1923-ல வந்த சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் இன்னிக்கும் அமல்ல இருக்கு. அந்தச் சட்டத்துலயும் அளக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து நிலத்துக்காரங்களுக்குத் தெரியப்படுத்தணும், தகராறு இருந்தா விசாரிக்கணும், முடிவு பிடிக்கலேன்னா அப்பீல் பண்ணலாம், இறுதி அறிவிப்பு வந்து மூணு வருஷத்துக்குள்ள சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். யானை போய்ச் சங்கிலி வந்துச்சு, சாட்சிங்கிற தத்துவம் அப்படியே இருந்துச்சு.

அப்போ எங்கதான் கோளாறு?

1960-கள்ல. ஆவடியில டாங்கி ஃபேக்டரி, அம்பத்தூர்ல தொழிற்பேட்டை. வேலை வந்துச்சு, ஜனம் வந்துச்சு. கொரட்டூர், திருமுல்லைவாயில், பட்டாபிராம், அப்புறம் திருவேற்காடு, மாங்காடு, காட்டுப்பாக்கம்னு நெல் விளைஞ்ச நிலமெல்லாம் மனை ஆச்சு. வயல் எப்பவும் கோணல்மாணலாத்தான் இருக்கும், ஏன்னா வரப்பு தண்ணி ஓடற போக்குல போகும். அது மேல மனை பிரிச்சவர் 40-க்கு 60 கட்டம் கட்டமாக் கோடு போட்டார். டேப்பும் கயிறும் சுண்ணாம்பும்தான் கருவி. வரப்பு வெட்டினப்போ மூலைக்கல்லும் போச்சு. சில கல் துணி துவைக்கப் போயிருக்கும், சில கல் ஏதாவது ஒரு வீட்டு அஸ்திவாரத்துக்குள்ள இருக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது, சர்க்கார் அளந்தது வயலை. மனையை அளந்தது மனை வித்தவர். உட்பிரிவு பண்ணாத வரைக்கும் புலப்படத்துக்கு உங்க மனை நம்பரே தெரியாது.

பத்திரத்துல சக்குபந்தின்னு நாலு எல்லை எழுதுவாங்க இல்லையா? பழைய பத்திரம் எடுத்துப் பாருங்க: கிணத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, ஏரிக்கரைக்குத் தெற்கு. எல்லாம் நகராத சாமான். மனைப் பத்திரத்துல என்ன இருக்கும்? 13-ஆம் நம்பர் மனைக்கு வடக்கு, 15-ஆம் நம்பர் மனைக்குத் தெற்கு. 13-ஆம் நம்பர்க்காரர் பத்திரத்தைப் பார்த்தா, 14-ஆம் நம்பர் மனைக்குத் தெற்குன்னு இருக்கும். ரெண்டு சீட்டு ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு நிக்கிற மாதிரி. எதுவுமே தரையைத் தொடல.

இப்போ கணக்குப் பாருங்க. வரிசையா இருபது மனை, ஒவ்வொண்ணும் 40 அடி. ஒவ்வொருத்தரும் வீடு கட்டும்போது ரெண்டே ரெண்டு இஞ்ச் தள்ளிப் போடறாங்க. வேணும்னு இல்ல, டேப் தொய்ஞ்சிருக்கும், இல்ல ஒன்பது இஞ்ச் சுவர் என் பக்கமா, பாதிப் பாதியாங்கிறதுல குழப்பம் இருந்திருக்கும். கடைசி மனைக்கு முன்னாடி பத்தொன்பது மனை, ஆளுக்கு ரெண்டு, முப்பத்தெட்டு இஞ்ச். கடைசி மனைக்காரருக்கு மூணு அடி ரெண்டு இஞ்ச் காணோம். அவர் யாரோட சண்டை போடுவார்? பக்கத்துல இருக்கிற பத்தொன்பதாம் நம்பரோட. அந்த ஆள் எடுத்தது ரெண்டே இஞ்ச்தான். மீதி முழுத் தெருவும் சேர்ந்து எடுத்தது. ஆனா தெருவையா கோர்ட்டுக்கு இழுக்க முடியும்?

இந்தச் சமயத்துல ஞாபகம் வெச்சிருந்த ஆளும் போயிட்டார். 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒரேயடியா எடுத்துச்சு. அப்புறம் வந்தவங்கதான் வி.ஏ.ஓ. பரம்பரைக் கர்ணம் என்ன ஆட்டம் ஆடினார்னு தெரிஞ்சவங்க யாரும் அதுக்கு அழ மாட்டாங்க, பதவி போனது நியாயம்தான். ஆனா அவரோட சேர்ந்து, "அந்தப் பனை மரத்துக்கு இந்தப் பக்கம்"ங்கிற ஞாபகமும் போச்சு. அதே காலத்துல, 1979-ல தொடங்கி எண்பதுகள்ல யு.டி.ஆர்.னு பட்டா கணக்கையெல்லாம் புதுசா எழுதினாங்க. அதுல பேர் மாறினது, அளவு மாறினதுன்னு திருத்தக் கேட்டு இன்னிக்கும் ஜனம் அலையுது.

இது போதாதுன்னு நிலம் ஜில்லா விட்டு ஜில்லா போகுது. அம்பத்தூர் செங்கல்பட்டு ஜில்லாவுல இருந்துச்சு, 1997-ல திருவள்ளூர் ஜில்லா, 2011-ல சென்னை மாநகராட்சிக்குள்ள வந்துச்சு, 2018-ல சென்னை ஜில்லா. மண் ஒரு இஞ்ச் நகரல. ஆனா ஆபீஸ் மாறும், நகர சர்வே வந்தா வார்டு, பிளாக், புது நம்பர்னு எல்லாம் மாறும். 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட்டு அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியறதுக்குத் தடை போட்டப்பதான், நம்ம பக்கம் எத்தனை தெரு சர்க்கார் காகிதத்துல தெருவாவே இல்லேன்னு பல பேருக்கு உறைச்சுது. 2017-ல வரன்முறைத் திட்டம் வந்துச்சு. அது மனைக்கு அங்கீகாரம் கொடுக்கும், சுவர் எங்கேன்னு சொல்லாது.

இன்னிக்கு ஜி.பி.எஸ். இருக்கு, புலப்படம் கம்ப்யூட்டர்ல பார்க்கலாம், பணம் கட்டினா தாலுகா சர்வேயர் வந்து அளந்து காட்டுவார். நல்லதுதான். ஆனா கருவி எவ்வளவு துல்லியமா இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து அளந்தா அது உங்க அளவு, அவ்ளோதான். அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்துக்காரங்களையும் கூப்பிட்டு, முடிஞ்சா அந்த வரிசை மொத்தத்தையும் கூப்பிட்டு, சர்வேயர் முன்னாடி கல் நட்டு, எழுதிக் கையெழுத்து வாங்கிக்குங்க. சுவர் எழும்பினதுக்கு அப்புறம் பேசினா அது சண்டை. முன்னாடி பேசினா ஒரு காபிச் செலவு.

சோழன் காலத்துல யானைக்குத் தனியா வழி தெரிஞ்சிருக்கும்னா நினைக்கிறீங்க? கூட நடந்தவங்க ஒத்துக்கிட்டதால அது எல்லை ஆச்சு.

உங்க ஊர்ல எல்லைக்கல்லுக்கு, சக்குபந்திக்கு வேற பேர் ஏதாவது இருந்தா சொல்லிட்டுப் போங்க. தெரிஞ்சுக்க ஆசை.

டிஸ்கி: இது சரித்திரம் மட்டுமே. கேஸ் நடத்தறவங்க தயவுசெஞ்சு வக்கீலைப் பாருங்க, என்னை சாட்சிக்குக் கூப்பிடாதீங்க :-)