செக்ரோல்

செக்ரோல் என்பது இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரின் அன்றாட வேலையும் சம்பளமும் பதியப்படும் ஏடு. விடியற்காலைப் பெரட்டில் (தொழிலாளர் கூடும் அணிவகுப்பில்) வேலைக்கு ஆள் பிரிப்பார்கள். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு அன்றைய ‘பேர்’ (ஒரு நாள் வேலைக் கணக்கு) ஏட்டில் விழும், குறைந்தால் அரைப்பேர். மாதக் கடைசியில் முற்பணமும் பிற கழிவுகளும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை இதுவே சொல்லும். ஏடு இருப்பது தோட்ட ஆபிசில், தோட்ட நிர்வாகியான துரையின் பொறுப்பில். பேருக்குரியவர் கையில் அதன் படி இருப்பதில்லை.

சம்பளக் கணக்குக்கு எழுந்த இந்த ஏட்டின் மேல் 1948க்குப் பின் நாட்டுரிமையின் பாரம் ஏறியது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, பரம்பரையால் பிரஜையாக, இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழிவந்த, லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றிடம் அதற்கான பத்திரம் இருக்கவில்லை. அவர்களுக்கு மிஞ்சியது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன் இடையறாமல், மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் இலங்கையில் வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் புறக்கணிக்கச் சொல்லி, பின்னர் விண்ணப்பிக்கச் சொன்னது. அவகாசம் 1951 ஆகஸ்டில் முடிந்தது.

நிலமோ வீடோ சொந்தமில்லாத ஒருவர் தம் வதிவை எதைக் கொண்டு நிறுவுவார்? “இன்ன தோட்டத்து ஏட்டைப் பாருங்கள்” என்று கைகாட்டுவதே பலருக்கு இயன்றது. அந்த ஏடு செல்லரித்துப் போயிருந்தால் விண்ணப்பத்தில் எஞ்சுவது வெறும் சொல். அட்டன் பக்கம் சில ஆண்டு உழைத்துவிட்டுத் தலவாக்கலைப் பக்கம் போனவரின் பாதிச் சான்று பழைய ஆபிசிலேயே கிடக்கும். பெயரும் தொல்லை கொடுத்தது. பிறப்புப் பதிவில் ராமாயி, ஏட்டில் ராமாயம்மா என்றிருந்தால், இருவரும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவள் தலையில். சாவுக்கோ கல்யாணத்துக்கோ இந்தியா போய் வந்தது வதிவின் தொடர்ச்சியைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது.

விண்ணப்பங்கள் ஏறத்தாழ 2,37,000. அவற்றில் அடங்கியோர் ஏறத்தாழ 8,25,000. குடியுரிமை பெற்றவர்களோ ஏறத்தாழ 1,34,000 பேர். எல்லா நிராகரிப்புக்கும் ஏடே காரணம் என்று சொல்ல முடியாது. சட்டம் எழுதப்பட்ட நோக்கமே பெரும்பான்மையோரை விலக்குவதாக இருந்தது. ஆனால் முதலாளியின் அலமாரியில் இருக்கும் சான்றைத் தொழிலாளியிடம் கேட்டது அந்த நோக்கத்துக்குக் கைகொடுத்தது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌ. தொண்டமானையும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் மிகப் பலர் 1952இல் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

1964 அக்டோபர் 30இன் இலங்கை–இந்திய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இப்படி நாடற்றுப் போனவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்த நாள் தொட்டு இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை அளித்தது.

பழைய செக்ரோல்கள் எஞ்சியிருக்கும் தோட்டங்களில் அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும்; தத்தம் குடும்பத்தின் பக்கங்கள் அந்தந்தக் குடும்பத்தின் கைக்கும் வந்து சேர வேண்டும்.